கோழிக் கொட்டகையில் ஒரு ஸ்டுடியோ

உங்கள் வீட்டில் யாராவது போட்டோ எடுத்தால் முதலில் என்ன பார்ப்பீர்கள்? முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்றுதானே? கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அழித்துவிட்டு வேறு எடுக்கச் சொல்வீர்கள். ஆனால், மங்கலாகப் படம் எடுத்தே உலகப் புகழ் பெற்ற ஓர் அம்மையார் இருந்தார். அவர் கேமராவை முதன்முதலாகக் கையாளத் தொடங்கியபோது வயது 48. பெயர் ஜூலியா மார்கரெட் கேமரான். கேமரா எடுத்ததால் வந்த பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். அது அவர் கணவரின் குடும்பப் பெயர்!

ஜூலியா பிறந்தது நம் இந்தியாவில்தான். 1815ம் ஆண்டு ஜூன் 11ம் தேதி கல்கத்தாவில் பிறந்தார். தந்தை கிழக்கிந்திய கம்பெனியில் உயர் அதிகாரி. தாய் பிரெஞ்சு வம்சத்தவர். சிறு வயதில் பெரும்பகுதியைப் பிரான்சில் பாட்டியின் வீட்டில் கழித்தார்.

1836ல் உடல்நலம் தேறுவதற்காக, ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனைப் பகுதிக்குச் சென்றார். அங்கே இரண்டு பேரைச் சந்தித்தார். ஒருவர், வானத்து விண்மீன்களை ஆராய அங்கு வந்திருந்த விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல். இன்னொருவர் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரான். ஜூலியாவை விட 20 வயது மூத்தவரான சார்லஸ், 1838ல் கல்கத்தாவில் அவரை மணந்தார். ஹெர்ஷல் வாழ்நாள் முழுவதும் நண்பராக இருந்தார். புகைப்படக் கலை என்று ஒன்று பிறந்திருக்கும் செய்தியை ஜூலியாவுக்குக் கடிதம் மூலம் சொன்னவரும் அவரே. எடுத்த படம் வெளிச்சத்தில் கறுத்துப் போகாமல் நிலைக்க வைக்கும் 'ஹைப்போ' என்ற மருந்தின் பயனைக் கண்டறிந்தவர் இந்த ஹெர்ஷல்தான். அப்படிப்பட்டவரே நண்பராக வாய்த்தும், ஜூலியாவின் கைக்குக் கேமரா வந்து சேர இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

குடும்பம் 1848ல் இங்கிலாந்து சென்றது. 1860ல் வைட் தீவில் பிரெஷ்வாட்டர் என்ற ஊரில் வீடு வாங்கினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் யார் தெரியுமா? மகாகவி டென்னிசன்! வீட்டுக்கு 'டிம்போலா' என்று பெயர் வைத்தார்கள். அது இலங்கையில் சார்லஸுக்குச் சொந்தமான தோட்டத்தின் பெயர். சார்லஸ் அடிக்கடி இலங்கைக்குப் போய்விடுவார். பிள்ளைகளும் வளர்ந்துவிட்டார்கள். 1863 டிசம்பரில், தனிமையில் இருந்த அம்மாவுக்குப் பொழுது போகட்டும் என்று மகளும் மருமகனும் ஒரு கேமரா வாங்கிப் பரிசளித்தார்கள்.

அந்தக் கேமராவை உங்கள் செல்போனோடு ஒப்பிட்டுவிடாதீர்கள். முக்காலியில் நிற்கும் பெரிய மரப்பெட்டி அது. பிலிம் கிடையாது. ஒரு கண்ணாடித் தகட்டின் மீது பசை போன்ற ஒரு மருந்தைச் சிந்தாமல் சிதறாமல் பரப்ப வேண்டும். பிறகு அதை இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவியும் ஆக வேண்டும். தூசி ஒட்டினால் போச்சு. விரல் பட்டால் போச்சு. வெள்ளி நைட்ரேட் பட்ட கை கறுத்துப் போகும், எளிதில் அழியாது. ஜூலியா அம்மையாரின் கைகளும் உடைகளும் எப்போதும் கறையோடுதான் இருந்தன.

நிலக்கரி போடும் அறையை இருட்டறை ஆக்கினார். தோட்டத்தில் கண்ணாடி போட்ட கோழிக் கொட்டகை இருந்தது. கோழிகளை வெளியே விட்டுவிட்டு அதைப் படம் பிடிக்கும் அறை ஆக்கினார். முட்டை வருமானம் அத்தோடு நின்றது. ஆனாலும் முட்டையின் உறவு அறுந்துபோகவில்லை பாருங்கள். அந்தக் காலத்தில் படங்களை அச்சிட்ட காகிதத்தின் மேல் பூசப்பட்டது முட்டையின் வெள்ளைக்கருதான்!

முதல் படத்துக்கு உள்ளூர் விவசாயி ஒருவரைக் காசு கொடுத்து உட்கார வைத்தார். படம் விழுந்தது. ஆனால், ஈரமாக இருந்த பக்கத்தில் தெரியாமல் கையைத் தேய்த்துவிட்டார். படம் அழிந்தே போயிற்று. சொல்லித் தர ஆசிரியர் யாரும் இல்லை. எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்பதைக்கூடக் கெட்டுப்போன படம்தான் கற்றுத் தந்தது. 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் நன்றாக அமைந்தது. வீடு முழுக்க ஓடி, அந்தக் குழந்தைக்கு என்ன பரிசு கொடுக்கலாம் என்று தேடினாராம். கழுவி, அச்சிட்டு, சட்டம் போட்டு அன்றைக்கே ஆனியின் தந்தைக்கு அனுப்பியும் விட்டார்.

சரி, படம் ஏன் மங்கலாக வந்தது? இங்கேதான் கொஞ்சம் பாடம் நடத்தப் போகிறேன். பயப்படாதீர்கள்.

ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள். பகல் நேரத்தில், ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவரின் அருகே அதைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஜன்னலின் உருவம் தலைகீழாகச் சுவரில் விழும். சற்று நகர்த்தினால் கலங்கிவிடும். இப்போது ஓர் அட்டையில் சிறு துளை போட்டு, அந்தக் கண்ணாடியின் மேல் வைத்துப் பாருங்கள். உருவம் முன்பை விடத் தெளிவாகும். ஆனால் இருண்டு போகும். காரணம் என்னவென்றால், கண்ணாடியின் ஓரத்தில் நுழையும் ஒளியும் நடுவில் நுழையும் ஒளியும் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதில்லை. ஓரத்தை மறைத்தால் தெளிவு கூடும், வெளிச்சம் குறையும். (மறந்தும் சூரியனை நோக்கிப் பூதக்கண்ணாடியைப் பிடிக்காதீர்கள்.)

ஜூலியாவிடம் இருந்தது பாரிஸில் ஜாமின் என்பவர் செய்த லென்ஸ். 1840ல் பெட்ஸ்வால் என்ற கணித மேதை போட்டுக் கொடுத்த கணக்கின்படி அமைந்த வகை. நிறைய வெளிச்சத்தை உள்ளே விடும். நடுப்பகுதியில் கூர்மையாகவும் ஓரங்களில் மங்கலாகவும் படம் தரும். மற்றவர்கள் பின்னால் உள்ள திரையைப் பார்த்தபடி லென்சைத் திருகி, மிகக் கூர்மையான இடம் வரும்வரை விடமாட்டார்கள். ஜூலியா அப்படிச் செய்யவில்லை. திருகிக்கொண்டே போவார். கண்ணுக்கு அழகாகத் தெரிந்த இடத்தில் நிறுத்திவிடுவார். அதோடு, படம் பதிவாகச் சில நிமிடங்கள் ஆகும். மூன்று நிமிடம் முதல் ஏழு நிமிடம் வரை அசையாமல் உட்கார யாரால் முடியும்? மூச்சு விட்டாலே உருவம் லேசாக அசையும். முகங்கள் பனிக்குள் இருந்து எட்டிப் பார்ப்பவை போல வந்தன.

போட்டோ சங்கத்தார் வரிந்து கட்டிக்கொண்டு குறை சொன்னார்கள். கேமராவைச் சரியாகக் கையாளத் தெரியாதவர் என்று எழுதினார்கள். கறை, கீறல், விரல் அடையாளம் எல்லாவற்றையும் சுட்டிக் காட்டினார்கள். கறை இருந்தது உண்மைதான். அதை மறுக்க முடியாது. ஆனால் ஓவியர்களுக்கு அந்தப் படங்கள் பிடித்தன. லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகம் 1865ல் அவற்றை விலைக்கு வாங்கியது. 1866ல் பெர்லினில் தங்கப் பதக்கம் கிடைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. அதே 1866ல் லண்டனில் டால்மேயர் என்ற லென்ஸ் தயாரிப்பாளர் புதிய லென்ஸ் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பின்பக்கத்தில் இரண்டு கண்ணாடிகள் உண்டு. மரையைத் திருகினால் அவற்றின் இடைவெளி கூடும். நன்றாக முடுக்கி வைத்தால் கூர்மையான படம். ஒரு சுற்று தளர்த்தினால் கொஞ்சம் மென்மை. மேலும் தளர்த்தினால் இன்னும் மென்மை. இது குவியம் தவறிய கலங்கலிலிருந்து வேறானது. கண்ணும் மூக்கும் தெளிவாகத் தெரியும். அவற்றின் மேல் மெல்லிய ஒளித்திரை படர்ந்திருக்கும். குறை என்று பழிக்கப்பட்ட ஒன்றை, வேண்டிய அளவு கூட்டிக் குறைக்க மரை வைத்து விற்றார்கள்! பழைய பெரிய லென்சுகளைத் தேடி வாங்கி, கண்ணாடிகளுக்கு நடுவே வளையம் செருகி இந்த மென்மையை வரவழைத்துப் பார்க்கும் ஆர்வலர்கள் பின்னாளிலும் உண்டு. ஜூலியாவும் பிறகு டால்மேயர் செய்த பெரிய லென்ஸ் ஒன்றை வாங்கினார். ஆனால் அது வேறு வகை.

அவர் கேமராவுக்கு முன் உட்காராத பெரிய மனிதர்கள் குறைவு. டென்னிசன் உட்கார்ந்தார். 1868ல் சார்லஸ் டார்வின் உட்கார்ந்தார். 1867ல் ஹெர்ஷலைப் படம் எடுத்தபோது, தலையைக் கழுவி வெள்ளை முடியைக் கலைத்துவிடச் செய்தார். இருட்டிலிருந்து ஒளிவட்டத்தோடு எழும் அந்த முகத்தைப் பார்த்தால் மறக்க மாட்டீர்கள்.

பெரிய மனிதர்களை விட எனக்குப் பிடித்தது மேரி ரயனின் கதை. பிச்சை எடுத்துக்கொண்டிருந்த அயர்லாந்துப் பெண்ணின் மகள் அவள். ஜூலியா அவளைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து படிக்க வைத்தார். வீட்டு வேலையும் கொடுத்தார். பல படங்களில் நடிக்கவும் வைத்தார். 1865ல் லண்டனில் நடந்த கண்காட்சியில் மேரியின் படத்தைப் பார்த்த இளைஞர் ஹென்றி காட்டன், 1867ல் அவளையே மணந்து இந்தியாவுக்கு அரசுப் பணிக்கு அழைத்து வந்தார். அவர்தான் 1904ல் பம்பாயில் நடந்த இந்திய தேசிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை வகித்த சர் ஹென்றி காட்டன்!

1875ல் கேமரான் தம்பதி இலங்கைக்கே குடிபெயர்ந்தார்கள். பணக் கஷ்டம் ஒரு காரணம். 1869 முதல் இலைநோய் தாக்கி இலங்கையின் காபித் தோட்டங்கள் அழிந்துகொண்டிருந்தன. கப்பல் ஏறும்போது மூட்டை முடிச்சுகளோடு இரண்டு சவப்பெட்டிகளையும் ஒரு பசுவையும் கொண்டு போனார்களாம். களுத்துறையில் குடியிருந்தபோது, ஊர் மக்களையும் தோட்டத் தொழிலாளர்களையும் படம் எடுத்தார். அந்தத் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள். டார்வினின் பெயரும் டென்னிசனின் பெயரும் படத்தோடு எழுதப்பட்டன. இந்தத் தொழிலாளர்களின் பெயர்களைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை. இலங்கையில் அவர் எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே கிடைத்துள்ளன.

1879 ஜனவரி 26ம் தேதி, டிக்கோயா பள்ளத்தாக்கில் உள்ள கிளென்கேர்ன் தோட்டத்தில் ஜூலியா காலமானார். மறு ஆண்டு சார்லசும் மறைந்தார். மலையகத்தில், தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே பொகவந்தலாவை தேவாலயத்தில் இருவரின் கல்லறைகளும் உள்ளன.