போலீஸ் வேஷமே பெயராகிப் போனது!
ஜாவர் சீதாராமன் கதை

பாலவனத்தம், அருப்புக்கோட்டை பக்கம் டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து படம் பார்த்த பெரியவர்களிடம் ஜீபூம்பா என்று சொன்னால் போதும், முகத்தில் சிரிப்பு வந்துவிடும்.

ஜாடிக்குள்ளிருந்து புகையாய்க் கிளம்பி, மலை மாதிரி நின்று சிரித்த அந்தப் பூதத்தை யாரும் மறக்கவில்லை. ஆனால் பூதமாக நடித்தவரே அந்தப் படத்தை எழுதியவர் என்பது பலருக்குத் தெரியாது.

அவர்தான் ஜாவர் சீதாராமன்.

ஜாவர் என்பது ஊர்ப் பெயர் அல்ல. பட்டமும் அல்ல. அது ஒரு போலீஸ்காரரின் பெயர்!

விடாது விரட்டிய இன்ஸ்பெக்டர்

பிரெஞ்சு நாட்டு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ எழுதிய ஒரு நாவலைக் கவியோகி சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தார். பசிக்கு ரொட்டி திருடி ஜெயிலுக்குப் போனவன், வெளியே வந்து திருந்தி நல்லவனாக வாழ்கிறான். ஆனால் ஒரு போலீஸ் இன்ஸ்பெக்டர் அவனை விடுவதாக இல்லை. ஊர் ஊராக விரட்டுகிறார். அவருடைய பெயர்தான் ஜாவர்.

1950-ல் பட்சிராஜா கம்பெனி இதைப் படமாக எடுத்தது. கே.ராம்நாத் டைரக்ட் செய்தார். திருந்திய கைதியாக சித்தூர் வி.நாகையா உருக்கமாக நடித்தார். இரக்கமே இல்லாத ஜாவராக வந்தவர் சீதாராமன்.

படம் பார்த்த ஜனங்கள் இன்ஸ்பெக்டரைத் திட்டித் தீர்த்தார்கள். அதுதான் நடிகருக்குக் கிடைத்த வெற்றி! அன்று முதல் அவர் வெறும் சீதாராமன் அல்ல, ஜாவர் சீதாராமன்.

பாட்டே இல்லாத படம்

நடித்துப் பெயர் வாங்கியவர் பேனாவையும் கையில் எடுத்தார். ஏவி.எம்.மின் 'அந்த நாள்' படத்துக்குத் திரைக்கதை, வசனம் எழுதினார். வீணை வித்துவான் எஸ்.பாலசந்தரின் கதை. டைரக்ஷனும் அவரே. ஜப்பானியப் படமான 'ராஷோமோன்' பாணியில் அமைந்த படம் அது.

1954 ஏப்ரல் 13-ந் தேதி படம் வெளிவந்தது. அதில் பாட்டு இல்லை. நடனம் இல்லை. சண்டை இல்லை!

அந்தக் காலத்தில் இது சாமானியமான துணிச்சல் அல்ல. கரிசல் காட்டில் கொட்டகை ஒலிபெருக்கியில் பாட்டுக் கேட்டால்தான் படம் போடப் போகிறார்கள் என்று அர்த்தம். பகலெல்லாம் பருத்திக் காட்டிலும் தறியிலும் உழைத்துவிட்டு, நாலு பாட்டுக் கேட்டு, ஒரு டான்ஸ் பார்த்துத் திரும்பலாம் என்று டிக்கெட் வாங்குகிறவர்கள்தான் அதிகம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தை 1901-ல் நிறுவிய பாண்டித்துரைத் தேவரின் பாலவனத்தம் சீமையில், தமிழ் என்றால் காதுக்கு விருந்து. அப்படிப்பட்டவர்கள் முன்னால் பாட்டு இல்லாத படம்!

போதாக்குறைக்கு, 'பராசக்தி'யில் புகழ் பெற்ற சிவாஜி கணேசன் படத்தின் ஆரம்பத்திலேயே சுடப்பட்டுச் சாகிறார். அவர் தேசத் துரோகி வேறு!

இரண்டு போலீஸ்

கதை நடப்பது 1943-ல், சென்னை மீது ஜப்பான் விமானம் குண்டு போட்ட சமயத்தில். ரேடியோ என்ஜினீயர் ராஜன் கொல்லப்படுகிறான். கொன்றது யார்?

துப்புத் துலக்க இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் உள்ளூர் இன்ஸ்பெக்டர் நாயுடு. யாரைப் பார்த்தாலும் இவன்தான் கொலைகாரன் என்று அடித்துச் சொல்கிற ரகம். இன்னொருவர் சி.ஐ.டி. சிவானந்தம். நிதானமாகக் கேள்வி கேட்டே ஆளை மடக்குகிற பேர்வழி. நாயுடுவாக பி.டி.சம்பந்தம். சிவானந்தமாக யார்? சாட்சாத் ஜாவர் சீதாராமனேதான்!

பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி என்று ஒவ்வொருவரும் தாங்கள் கண்ட கதையைச் சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் கொலைகாரர் வேறு. பக்கம் பக்கமாக அடுக்குமொழி பேசிய காலத்தில், வீட்டில் பேசுகிற மாதிரியே சின்னச் சின்ன வசனமாக எழுதினார் சீதாராமன். முடிவை இங்கே சொல்லிவிட்டால் படம் பார்க்காதவர்கள் சண்டைக்கு வருவார்கள்!

பத்திரிகைகள் பாராட்டின. மத்திய அரசின் நற்சான்றும் கிடைத்தது. ஆனால் வசூல்? கைகொடுக்கவில்லை.

பெரிய கம்பெனியின் பணம் போட்டு எடுத்த படம் ஓடாவிட்டால், எழுதியவரை ஓரம் கட்டிவிடுவது சினிமா உலக வழக்கம். சீதாராமன் ஓரம் போய்விடவில்லை. ரூட்டை மாற்றினார்.

கண்ணீரும் சிரிப்பும்

1960-ல் அதே ஏவி.எம்.முக்கு 'களத்தூர் கண்ணம்மா' எழுதினார். பெற்றோரைத் தேடும் பையனின் கதை. தாய்மார்கள் அழுதுகொண்டே பார்த்தார்கள். அந்தப் பையனாக அறிமுகமானவர்தான் கமலஹாசன்.

பிறகு 'ஆலயமணி' (1962), 'ஆண்டவன் கட்டளை' (1964), 'குழந்தையும் தெய்வமும்' (1965), 'உயர்ந்த மனிதன்' (1968) என்று வரிசையாக வந்தன. 'குழந்தையும் தெய்வமும்' தேசிய விருது வாங்கி, இந்திக்கும் தெலுங்குக்கும் போனது.

இடையில் குமுதத்தில் 'மின்னல் மழை மோகினி', 'உடல் பொருள் ஆனந்தி' என்று மர்மத் தொடர்கதைகள். அடுத்த வாரம் என்ன நடக்குமோ என்று வாசகர்களைத் தவிக்க விட்டார்.

1967-ல் 'பட்டணத்தில் பூதம்'. தென்னாட்டு ஜேம்ஸ்பாண்டு ஜெய்சங்கரும் நாகேஷும் ஜோடி சேர்ந்த கலாட்டா. பூதத்தின் உதவியால் கூடைப்பந்தாட்டத்தில் பந்து தானாகப் போய் விழும் காட்சிக்கு விசில் பறந்தது. எம்.வி.ராமன் டைரக்ஷன். இரக்கமில்லாத இன்ஸ்பெக்டராகக் குழந்தைகளைப் பயமுறுத்தியவர், இப்போது பூதமாக வந்து அதே கொட்டகையில் குழந்தைகளைக் கைதட்ட வைத்தார்!

1971-ல் ஜாவர் சீதாராமன் காலமானார்.

வசூலில் தோற்ற 'அந்த நாள்' இன்று தமிழ் சினிமாவின் மைல்கல். பாட்டு இல்லாத முதல் தமிழ்ப் படம் எது என்று யார் கேட்டாலும் அந்தப் பெயர்தான் முதலில் வரும். அன்று கொட்டகையில் முணுமுணுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதை வியந்து பார்க்கிறார்கள்.

ஒரு போலீஸ்காரரிடம் கடன் வாங்கிய பெயரை அவர் கடைசி வரை திருப்பிக் கொடுக்கவே இல்லை. அந்தப் பெயருக்குப் பெருமை சேர்த்துவிட்டுப் போனார்.