கழற்றிப் பார்த்த மேதை ஜி.டி.நாயுடு

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பட்டயப் படிப்பு மாணவன்)



நம் பேரவை மலருக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதித் தரும்படி செயலாளர் அண்ணன் கேட்டபோது, நான் யோசிக்கவே இல்லை. கோவை ஜி.டி.நாயுடு என்று உடனே சொல்லிவிட்டேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணம் எங்கள் கொல்லையில் பம்ப் கொட்டகைக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய ஆயில் இன்ஜின். முதலில் அதைச் சொல்லிவிட்டு அவரிடம் வருகிறேன்.

சென்ற வருடம் ஒரு நாள் ராத்திரி, போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டில் ஒருத்தர் ரோட்டரி இன்ஜின் ஒன்றை முழுசாகப் பிரித்து மறுபடி மாட்டுகிறார். அதில் பிஸ்டன் கிடையாது, கனெக்டிங் ராடு கிடையாது, வால்வும் கிடையாது. முக்கோணமாக ஒரு ரோட்டர். அது சுற்றுகிற கூடு எப்படி இருக்கும் தெரியுமா? நம்ம ஊர் ரெண்டு பருப்பு மல்லாட்டையை நீளவாக்கில் பிளந்தால் நடுவில் லேசாக ஒடுங்கி இருக்குமே, ஏறக்குறைய அந்த வடிவம்தான். ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் தண்டு மூன்று சுற்று சுற்றும். முக்கோணத்தின் மூன்று முனையிலும் சின்னச் சின்ன சீல் பட்டைகள், அதற்கு அடியில் ஸ்பிரிங். அந்தப் பட்டை தேய்ந்தால் கம்ப்ரஷன் போச்சு, இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும். பெலிக்ஸ் வாங்கெல் என்ற ஜெர்மானியர் உருவாக்கிய இந்த இன்ஜின் 1957-ல் முதன்முதலில் ஓடியது. பிறகு ஜப்பானின் மஸ்தா கம்பெனி 1967-ல் இருந்து இதைக் காரில் வைத்து விற்றது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நான் ஒரு ரோட்டரி காரைக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன்.

அதில் இருந்து பிடித்த பித்துதான். ரோட்டரி இல்லாவிட்டால் என்ன, வீட்டில் அஞ்சு குதிரைத்திறன் ஆயில் இன்ஜின் சும்மாதானே கிடக்கிறது? கரண்ட் மோட்டார் போட்ட பிறகு அதை யாரும் தொடவில்லை. அப்பா அதைப் பழைய இரும்புக்குப் போட இருந்தார். நான்தான் தடுத்தேன். வீடியோ பார்த்து நானே ரெடி பண்ணிவிடுவேன் என்று சொன்னேன். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அதனால் அப்பா நம்பிவிட்டார். ரிங் செட்டுக்கும் கேஸ்கெட்டுக்கும் காசு வேண்டுமே? முகூர்த்த நாட்களில் விழுப்புரம் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போனேன். அந்தக் காசில் திண்டிவனத்தில் சாமான் வாங்கி வந்தேன்.

ஒரு வாரம் ஆயிற்று. பிரித்தேன், கழுவினேன், மாட்டினேன். ஹேண்டில் போட்டுச் சுற்றினால் வெள்ளைப் புகை மட்டும் வந்தது. இன்ஜின் ஓடவில்லை. அப்பா கோபப்படவில்லை. டிப்ளமோ படிக்கிற பிள்ளைக்கு ஏன் இது ஓடவில்லை என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நேரத்தில்தான் நம் நூலகத்தில் ஜி.டி.நாயுடுவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

மூன்றாம் வகுப்பு மாணவர்

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893-ஆம் ஆண்டு மார்ச் 23-ஆம் நாள் கோவைக்கு அருகே கலங்கல் என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம். சின்ன வயதிலேயே தாயை இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆனால் வாசிக்கும் ஆசை நிற்கவில்லை. கிடைத்த புத்தகத்தைத் தானாகவே படித்துக்கொண்டு, நிலத்தில் வேலை பார்த்து வந்தார்.

ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக்கார வருவாய் அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்தார். ரட்ஜ் என்ற பெயருள்ள இங்கிலாந்து வண்டி. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானே ஓடுவதைப் பார்த்த நாயுடுவுக்கு, அதை எப்படியாவது வாங்கியே தீரவேண்டும் என்ற வெறி வந்துவிட்டது. ஊரை விட்டுக் கோவைக்கு வந்தார். ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். வருஷக்கணக்கில் காசு சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அந்த வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார்? ஊர் சுற்றினாரா? இல்லை நண்பர்களே! வண்டியை ஒவ்வொரு பாகமாகக் கழற்றினார். ஒவ்வொன்றும் எதற்கு இருக்கிறது என்று பார்த்தார். மறுபடி மாட்டினார். சொல்லிக்கொடுக்க வாத்தியார் இல்லை, போன் இல்லை, வீடியோ இல்லை. கெட்டுப்போனால் வருஷக்கணக்கில் எச்சில் இலை எடுத்துச் சேர்த்த காசு போச்சு. அந்தத் துணிச்சலை நினைத்துப் பாருங்கள். பந்தி பரிமாறிய காசில் ரிங் வாங்கிய எனக்கு, இந்த இடத்தைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. கழற்றி மாட்டியதில்தான் அவர் மெக்கானிக் ஆனார்.

ஒரு பஸ்ஸில் தொடங்கிய பயணம்

இடையில் பஞ்சு வியாபாரத்தில் இறங்கினார். முதலில் நல்ல லாபம் வந்தது. பிறகு பம்பாய் வரை போய்ப் பெரிய வியாபாரிகளோடு மோதியதில் கைப்பணம் போயிற்று. தோல்வி அவருக்கும் வந்திருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கோவையில் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் அவருடைய திறமையைக் கண்டு கடன் உதவி செய்தார். 1920-ல் ஒரே ஒரு பஸ் வாங்கினார். பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதைத் தானே ஓட்டினார். டிரைவரும் அவரே, ரிப்பேர் பார்ப்பவரும் அவரே. அந்த ஒரு பஸ்தான் வளர்ந்து யு.எம்.எஸ். என்ற பெரிய பஸ் நிறுவனம் ஆயிற்று. இருநூறுக்கும் மேற்பட்ட பஸ்கள் ஓடின. விழுப்புரம் என்றால் நமக்குப் போக்குவரத்துக் கழகத் தலைமையகமும் பணிமனையும் ஞாபகம் வரும். நம் சீனியர்கள் பலர் அங்கே தொழில் பழகப் போகிறார்கள். தமிழ்நாட்டில் பஸ் போக்குவரத்தை ஒழுங்கான தொழிலாக வளர்த்த முன்னோடிகளில் ஒருவர் ஜி.டி.நாயுடு.

பஸ்ஸோடு அவர் நிற்கவில்லை. 1937-ல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து, கோவை பீளமேட்டில் இந்தியாவிலேயே தயாரான முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். இன்றைக்குக் கிணற்று மேட்டில் ஓடுகிற பம்ப் செட்டுகளில் ஏராளமானவை கோவையில் இருந்து வருகின்றன என்றால், அதற்கு விதை போட்டவர்களில் இவர்களும் அடக்கம். ரசாந்த் என்ற பெயரில், பாட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த சவர ரேசர் செய்தார். மிக மெல்லிய பிளேடு, பழம் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப்பதிவு இயந்திரம் என்று பட்டியல் நீளும். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குத் தரமுடியும் என்று காட்டினார். 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றை 2,000 ரூபாய் விலையில் செய்தார். அதைத் தயாரித்து விற்க அரசு அனுமதி கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

படம் பிடிப்பதிலும் அவருக்கு ஆசை. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படமாக்கினார். தேர்தலிலும் நின்று தோற்றார். விவசாயத்தையும் விடவில்லை. பத்தடி உயரப் பருத்திச் செடி வளர்த்தார். பப்பாளியிலும் சோதனைகள் செய்தார். சர் சி.வி.ராமனும் விசுவேசுவரய்யாவும் அவருடைய தோட்டத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் டி.எம்.வி. மல்லாட்டை ரகங்களைப் பயிர் செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள் நாம். விதையை ஆராய்வதும் விஞ்ஞானம்தான் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் படிப்புக்கும் அவருக்கும் உள்ள உறவு

1944-ல் மோட்டார் தொழிலின் நேரடிப் பொறுப்பில் இருந்து விலகி, கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் நன்கொடைகள் அறிவித்தார். அவருடைய முயற்சியாலும் கொடையாலும் கோவையில் அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு பொறியியல் கல்லூரியும் தோன்றின. அந்தக் கல்லூரிதான் இன்றைய கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி. மூன்றாம் வகுப்பு படித்தவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வராக இருந்தார்! நான்கு வருடப் படிப்பு காலவிரயம், இரண்டு வருடம் போதும் என்று வாதிட்டார். வெள்ளைக்கார அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் பதவியை விட்டு விலகினார்.

1974 ஜனவரி 4-ஆம் நாள், தம் 80-ஆம் வயதில் மறைந்தார். கோவை அவினாசி சாலையில் 2025 அக்டோபரில் திறக்கப்பட்ட 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

நான் கற்றுக்கொண்டது

இவ்வளவும் படித்துவிட்டு, பள்ளிக்கூடமே வேண்டாம், கழற்றி மாட்டினால் போதும் என்று நான் முடிவு கட்டினேனா? இல்லை நண்பர்களே. நாயுடு பள்ளியை விட்டது அவர் இஷ்டம். நிலம் இருந்த வீடு. என் அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றது அவர் இஷ்டம் இல்லை. அடுத்த வேளைக்குக் கூலி வேலை. ரெண்டையும் ஒன்றாகச் சொல்லக்கூடாது. படிக்காமலே மேதை ஆகலாம் என்று மேடையில் பேசுவது எளிது. நம் வீடுகளில் படிக்காதவர்கள் எல்லாம் மேதை ஆகவில்லையே, கை காய்த்துப் போனார்கள்.

சரி, என் இன்ஜின் என்ன ஆயிற்று? திண்டிவனத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் இன்ஜினைப் பார்க்கக்கூட வரவில்லை. கிராங்க் பல்சக்கரத்துப் புள்ளியும் கேம் பல்சக்கரத்துப் புள்ளியும் நேராக இருந்ததா என்று ஒரே கேள்வி கேட்டார். எனக்குப் புள்ளி இருப்பதே தெரியாது! வீடியோவில் அந்த இடம் வெட்டப்பட்டு, சக்கரம் மாட்டிய பிறகுதான் காட்டினார்கள்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தலையில் அடித்துக்கொண்டேன். வால்வு டைமிங் படம்! தேர்வுக்காக எத்தனை தடவை வரைந்திருக்கிறேன்! கிராங்க் ரெண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. அந்தக் கணக்கைக் கெடுத்து மாட்டினால் வால்வும் தப்பான நேரத்தில் திறக்கும், டீசலும் தப்பான நேரத்தில் பாயும். பிறகு வெள்ளைப் புகை வராமல் என்ன வரும்? அப்பா கேட்ட கேள்விக்குப் பதில் என் நோட்டிலேயே இருந்தது. நோட்டில் இருந்தது கைக்கு வரவில்லை, கையில் செய்தது நோட்டோடு சேரவில்லை. அவ்வளவுதான்.

மறுபடி பிரித்தேன். ரெண்டு பல் தள்ளி மாட்டியிருந்தது. புள்ளிக்குப் புள்ளி வைத்து மாட்டி, டீசல் லைனில் காற்று எடுத்துவிட்டு, அப்பாவையே ஹேண்டில் போடச் சொன்னேன். நாலாவது சுற்றில் லீவரை விட்டதும் டுப் டுப் என்று பிடித்துக்கொண்டது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. மடையைத் திருப்பிவிடப் போய்விட்டார். பழைய இரும்புக்காரர் அடுத்த வாரம் வந்தபோது மட்டும், அது விற்பனைக்கு இல்லை, பையன் ஓட்டுகிற இன்ஜின் என்று சொல்லி அனுப்பினாராம். அம்மா சொன்னாங்க.

இரண்டு வருடம் போதும் என்ற நாயுடுவின் கணக்கு சரியா தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயசு பத்தாது. ஆனால் அவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. கை வேலையைப் படிப்பில் இருந்து பிரித்தால் வருஷம் எத்தனை கூடினாலும் பயன் இல்லை.

கடைசியாகப் பேரவைக்கு ஒரு வேண்டுகோள். பழைய இன்ஜின் ஒன்று, ஸ்கூட்டரோ ஆயில் இன்ஜினோ எதுவானாலும் சரி, நமக்காக வாங்கிப் போடுங்கள். சனிக்கிழமைகளில் அதை நாம் கழற்றி மாட்டுவோம். முதல் தடவை ஓடாவிட்டால் பரவாயில்லை, ஏன் ஓடவில்லை என்று நோட்டில் தேடுவோம். ஜி.டி.நாயுடுவுக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.