பதிவேட்டில் ஏறிய பெயர்

நுழையும்முன்

ஒருவரிடம் திறமை இருந்தால் மட்டும் போதாது. அதைக் கண்டு, உள்ளபடி எழுதி வைக்கும் சமூகமும் வேண்டும். நிறத்தின் பெயரால் வாசல் அடைக்கப்பட்ட ஒரு வீரரின் பெயர், அவர் மறைந்து 77 ஆண்டுகளுக்குப் பின் அவருடைய நாட்டின் விளையாட்டுப் பதிவேட்டில் முதலிடம் பெற்றது. ஜாஷ் கிப்சன் என்னும் அந்த வீரரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமை

ஜாஷ் கிப்சன் 1911ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில் பியூனா விஸ்டா என்னும் சிற்றூரில் பிறந்தார். அம்மாநிலத்தில் கறுப்பின மக்கள் நிலமின்றியும் உரிமையின்றியும் வாழ்ந்த காலம் அது. தந்தை மார்க் கிப்சன் பிழைப்புத் தேடி வடக்கே பிட்ஸ்பர்க் நகருக்குச் சென்று எஃகு ஆலையில் வேலையில் அமர்ந்தார். சில ஆண்டுகளில் குடும்பமும் அங்கே குடியேறியது.

கிப்சன் மின்தொழில் கற்பதற்காகத் தொழிற்பள்ளியில் சேர்ந்தார். ஆனால், பள்ளிப் படிப்பை முடிக்காமலேயே வேலைக்குச் சென்றார். ஓய்வு நேரமெல்லாம் பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டத்தில் கழிந்தது. இவ்வாட்டத்தில் எதிரணி வீரர் எறியும் பந்தை உருண்டை மட்டையால் அடிக்க வேண்டும். பந்து ஆடுகள எல்லையைத் தாண்டிப் பறந்துவிட்டால் அது ஹோம் ரன் எனப்படும். கிரிக்கெட்டில் ஆறு ஓட்டம் தரும் அடியை ஒத்தது. அவ்வாறு அடிப்பதில் கிப்சன் இளமையிலேயே பெயர் பெற்றார். 1930ஆம் ஆண்டு ஜூலையில், பதினெட்டு வயதில், ஹோம்ஸ்டெட் கிரேஸ் என்னும் புகழ்பெற்ற அணி அவரைச் சேர்த்துக்கொண்டது.

அதே ஆகஸ்டில் அவருடைய இளம் மனைவி ஹெலன் இரட்டைக் குழந்தைகளைப் பெற்றெடுத்து உயிர் நீத்தார். புகழின் முதற்படியும் வாழ்வின் பேரிழப்பும் ஒரே கோடையில் அவரை வந்தடைந்தன.

எழுதப்படாத விதி

அமெரிக்காவின் தலைமைப் போட்டித் தொடர்களான மேஜர் லீக் ஆட்டங்களில் கறுப்பின வீரர்களைச் சேர்ப்பதில்லை என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதல் நிலவிய வழக்கம். இதனைக் கூறும் விதி எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. ஆனால், அணி உரிமையாளர்கள் எவரும் அதனை மீறவில்லை. எனவே, கறுப்பினத்தவர் தமக்கென அணிகளையும் தொடர்களையும் அமைத்துக்கொண்டனர். அவை நீக்ரோ லீக் என அக்காலத்தில் வழங்கப்பட்டன.

அவ்வீரர்களின் வாழ்க்கை கடினமானது. பேருந்தில் இரவெல்லாம் பயணம் செய்து, பகலில் ஆடி, மீண்டும் பேருந்தில் ஏறுவர். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் ஆடுவதும் உண்டு. பல ஊர்களில் உணவகங்கள் அவர்களுக்கு உணவளிக்க மறுத்தன; விடுதிகள் இடந்தர மறுத்தன. தொடர் ஆட்டங்களின் வருவாய் போதாமையால், வழியிலுள்ள ஊர்களின் அணிகளோடு காட்சி ஆட்டங்களையும் ஆடினர். அவற்றின் விவரங்கள் முறையாகக் குறிக்கப்படவில்லை.

மட்டையின் வலிமை

கிப்சன் ஆறடிக்கும் மேற்பட்ட உயரமும் உறுதியான தோள்களும் உடையவர். மட்டையை ஓங்கி வீசாமல், சிறு அசைவிலேயே பந்தை நெடுந்தொலைவு அனுப்பும் ஆற்றல் அவருக்கு இருந்தது. பந்தெறிபவரின் எதிரே, மட்டையாளருக்குப் பின்னால் குத்திட்டு அமர்ந்து பந்தைப் பிடிக்கும் பொறுப்பும் அவருடையதே. உடலை மிகவும் வருத்தும் அப்பணியை ஆற்றிக்கொண்டே அவர் மட்டையாலும் முன்னணியில் நின்றார்.

1932 முதல் 1936 வரை பிட்ஸ்பர்க் கிராஃபர்ட்ஸ் அணியில் சாட்செல் பேஜ், ஆஸ்கர் சார்ல்ஸ்டன் முதலிய பெருவீரர்களோடு ஆடினார். பின்னர் மீண்டும் கிரேஸ் அணிக்குத் திரும்பினார். இடையே டொமினிகன் குடியரசு, மெக்சிகோ, புவேர்ட்டோ ரிக்கோ ஆகிய இடங்களிலும் ஆடினார். அங்கெல்லாம் நிறம் அவருக்குத் தடையாக நிற்கவில்லை.

ஆண்டுதோறும் சிகாகோவில் நடைபெற்ற கிழக்கு–மேற்கு நட்சத்திர ஆட்டத்திற்கான வீரர்களைத் தெரிவு செய்ய, கறுப்பினத்தவர் நடத்திய செய்தித்தாள்கள் வழியாக ரசிகர்கள் வாக்களித்தனர். அவர்களின் வாக்கால் கிப்சன் பலமுறை அணியில் இடம்பெற்றார். வெள்ளையின வீரர் பேப் ரூத்தோடு ஒப்பிட்டு அவரைக் கறுப்பு ரூத் எனப் பலர் அழைத்தனர். அவருடைய ரசிகர்களோ ரூத்தைத்தான் வெள்ளைக் கிப்சன் என அழைக்க வேண்டும் என வாதிட்டனர்.

நோயும் ஆட்டமும்

1943ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிப்சன் நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மூளையில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. அறுவை சிகிச்சைக்கு அவர் இசையவில்லை. கடுந்தலைவலியோடும் குடிப்பழக்கத்தோடும் போராடியபடியே களத்துக்குத் திரும்பினார். அவ்வாண்டில்தான் தம் வாழ்நாளின் மிகச்சிறந்த ஆட்டத்தை அவர் வெளிப்படுத்தினார். 1943, 1944 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் கிரேஸ் அணி நீக்ரோ உலகத் தொடரை வென்றது.

1947ஆம் ஆண்டு ஜனவரி 20ஆம் நாள், முப்பத்தைந்தாம் வயதில், பிட்ஸ்பர்க்கில் கிப்சன் மறைந்தார். மூன்று மாதங்கள்கூட நிறைவடையாத நிலையில், ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக் களத்தில் இறங்கினார். நெடுங்காலம் அடைபட்டிருந்த வாசல் திறந்தது. அதன்முன் காத்திருந்தவர்களுள் பெருவீரரான ஒருவர் அப்போது இல்லை. அவருடைய கல்லறையில் பெயர் பொறித்த கல்லும் இல்லை.

தாமதமாக வந்த ஏற்பு

கிப்சனின் ஆட்டத்தை நேரில் கண்டவர்கள் அதனைத் தம் பிள்ளைகளுக்குக் கூறினர். உடன் ஆடியவர்கள் அவர் பெயரை விடாது நினைவூட்டினர். 1966ஆம் ஆண்டு, கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள அடிபந்தாட்டப் புகழ்மன்றத்தில் இடம்பெற்ற வெள்ளையின வீரர் டெட் வில்லியம்ஸ், தமது ஏற்புரையிலேயே சாட்செல் பேஜ், கிப்சன் போன்றோருக்கும் அங்கே இடமளிக்க வேண்டும் என வலியுறுத்தினார். தமக்குக் கிடைத்த பெருமையின் மேடையில் நின்று, அது மறுக்கப்பட்டோருக்காக அவர் பேசியது குறிப்பிடத்தக்கது. 1971இல் பேஜும் 1972இல் கிப்சனும் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டனர். 1975இல் கிப்சனின் கல்லறையில் பெயர்க்கல் நாட்டப்பட்டது.

எண்கள் சொல்லும் உண்மை

கிப்சன் ஏறத்தாழ எண்ணூறு ஹோம் ரன்கள் அடித்தார் என்று புகழ்மன்றப் பட்டயம் குறிப்பிடுகிறது. காட்சி ஆட்டங்களையும் உள்ளடக்கிய அந்த எண்ணுக்கு முழுமையான சான்று இல்லை. அன்பினால் பெருகிய செய்தி எது, நிகழ்ந்தது எது எனப் பிரித்தறிய ஆய்வாளர்கள் முற்பட்டனர். பழைய நாளிதழ்களில் வெளிவந்த ஆட்ட விவரங்களை ஒவ்வொன்றாகத் தேடித் தொகுத்தனர்.

2020ஆம் ஆண்டு டிசம்பரில், 1920 முதல் 1948 வரையிலான ஏழு நீக்ரோ லீக் தொடர்களும் மேஜர் லீக் தகுதி உடையவை என அறிவிக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டு மே மாதம் அவற்றின் கணக்குகள் தலைமைப் பதிவேட்டில் இணைக்கப்பட்டன. அதில் கிப்சனின் ஹோம் ரன்கள் இருநூற்றுக்கும் குறைவாகவே உள்ளன. ஆயினும், அவருடைய அடித்தாடும் சராசரி .372. அதாவது, ஆயிரம் வாய்ப்புகளுக்கு 372 வெற்றி அடிகள் என்னும் விகிதம். அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபின் சராசரி .367. நோயோடு ஆடிய 1943ஆம் ஆண்டில் கிப்சன் பெற்ற .466, ஒரே பருவத்திற்கான உயர்ந்த சராசரியாக ஏற்கப்பட்டது.

கிப்சனின் பதிவுபெற்ற ஆட்டங்கள் காபின் ஆட்டங்களைவிட மிகக் குறைவு என்பது உண்மை. அவருக்குக் கூடுதல் ஆட்டங்கள் மறுக்கப்பட்டன என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே வரலாறு எழுதப்பட வேண்டும். ரசிகர்களின் அன்பு கிப்சனின் பெயரை மறையாமல் காத்தது. ஆய்வாளர்களின் உழைப்பு அதனை உரிய இடத்தில் எழுதியது. மிகைப்படுத்தாத உண்மையே அவரை முதலிடத்தில் அமர்த்தப் போதுமானதாக இருந்தது. மறுக்கப்பட்ட காலத்தை எவராலும் அவருக்குத் திருப்பித் தர இயலாது. இன்று நம்மிடையே கவனிக்கப்படாமல் உழைப்போரின் திறமையை அவர்கள் வாழும்போதே கண்டறிந்து போற்றுவது நம் கையில் உள்ளது.