ரேச்சல் கார்சனும் ஒளிரும் மீன்களும்

ரேச்சல் கார்சனின் பெயரைச் சொன்னால் பலருக்கும் நினைவுக்கு வருபவை பறவைகள்தான். 'மௌன வசந்தம்' என்ற தலைப்பே அப்படி அமைந்துவிட்டது. என்னைக் கேட்டால் அவரை மீன்களின் வழியாக அணுகுவதுதான் பொருத்தம் என்பேன். 1932ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வேடு கெளுத்தி மீனைப் பற்றியது. முட்டைக்குள் இருக்கும்போதும், பொரித்து வெளிவந்த தொடக்க நாட்களிலும் அந்த மீனுக்கு வேலை செய்யும் முதல் சிறுநீரகம் எப்படி உருவாகிறது என்பதே ஆய்வு.

1907 மே 27ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தில், அலெகெனி ஆற்றோரத்து ஸ்பிரிங்டேல் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஆங்கில இலக்கியம் படிக்கக் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் உயிரியலுக்கு மாறினார். எழுத்தாளராகும் கனவைக் கைவிட்டுவிட்டதாகவே அப்போது நினைத்தார். முனைவர் பட்டம் வரை படிக்க வசதியில்லை. 1935ல் தந்தை இறந்தார். 1937ல் அக்காவும் இரண்டு பெண் குழந்தைகளை விட்டுவிட்டு இறந்தார். தாயையும் அந்தக் குழந்தைகளையும் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அமெரிக்க அரசின் மீன்வளத் துறைக்கு வானொலி உரைகள் எழுதிக் கொடுத்து, 1936ல் அங்கேயே உயிரியலாளராக வேலைக்குச் சேர்ந்தார். 1951ல் வெளிவந்த 'நம்மைச் சூழ்ந்த கடல்' 86 வாரங்கள் விற்பனைப் பட்டியலில் நின்றது. அடுத்த ஆண்டே வேலையை விட்டார்.

டி.டி.டி. பற்றி எழுதும் எண்ணம் அவருக்கு 1945லேயே இருந்தது. ரீடர்ஸ் டைஜஸ்ட் அதை ஏற்கவில்லை. 1958ல், விமானத்திலிருந்து மருந்து தெளித்த பிறகு தன் தோட்டத்தில் பறவைகள் செத்து விழுந்ததாக ஒரு தோழி எழுதிய கடிதம் வந்தது. அதன்பின் நான்கு ஆண்டு உழைப்பு. புத்தகத்தில் பறவைகளோடு மீன்களும் இருக்கின்றன. கனடாவின் மிராமிச்சி ஆற்றுப் படுகைக் காடுகளில் 1954ல் டி.டி.டி. தெளிக்கப்பட்டபின் சால்மன் குஞ்சுகள் அழிந்த கதையை அவர் எழுதியிருக்கும் விதம், ஒரு மீனியலாளரால் மட்டுமே முடியக் கூடியது.

நான் மறுபடி வாசித்தபோது திகைத்தது வேறு ஓரிடத்தில். டி.டி.டி. செலுத்தப்பட்ட இளஞ்சேவல்களின் விரைகள் வளரவில்லை, கொண்டைகள் சிறுத்துப் போயின என்று 1950ல் வெளியான ஒரு ஆய்வை எடுத்துக்காட்டுகிறார். வேறொரு அத்தியாயத்தில், ரசாயனங்களால் கெட்டுப்போன கல்லீரல் ஈஸ்ட்ரோஜனைச் சிதைக்க முடியாமல் போனால் என்னாகும், புற்றுநோய்க்கு அது வழிவகுக்காதா என்று கேட்கிறார். பூச்சிமருந்து கொல்லாமலே உடலின் ஹார்மோன்களைக் குழப்பக்கூடும் என்பதற்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. அந்தப் பெயர் 1991ல் விஸ்கான்சினில் கூடிய அறிவியலாளர்கள் வைத்தது.

இன்று அந்தக் கேள்வியை மீன்களிடம்தான் கேட்கிறார்கள். கங்கைப் படுகையைச் சேர்ந்த, மீன்தொட்டி வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த வரிக்குதிரை மீன் அது. பெண் ஹார்மோன் வந்து தொட்டால் அதன் மூளையில் ஒரு மரபணு விழித்துக்கொள்ளும். அந்த மரபணுவை முடுக்கும் பகுதியோடு, ஜெல்லி மீனின் பச்சை ஒளிப் புரதத்துக்கான மரபணுவை இணைத்துவிடுகிறார்கள். கருவுற்ற முட்டைகளை ரசாயனம் கலந்த நீரில் 4 நாட்கள் வைத்தபின் உருப்பெருக்கியில் பார்த்தால் போதும். ரசாயனம் ஈஸ்ட்ரோஜன் போல வேடமிட்டால் கண்ணாடி போன்ற அந்தச் சிற்றுயிரின் மூளை பச்சையாக ஒளிரும். 2021ல் ஓ.ஈ.சி.டி. அமைப்பு இதைத் தன் சோதனை முறைகளில் சேர்த்தது. 2022ல் ஆண் ஹார்மோனுக்கும் ஒன்று வந்தது. ஸ்டிக்கிள்பேக் என்ற ஆண் மீன் கூடு கட்டுவதற்குத் தன் சிறுநீரகத்தில் ஒரு பசையைச் சுரக்கும். அந்தப் பசை மரபணுவின் முடுக்கியை ஜப்பானிய மெடாகா மீனில் ஏற்றியிருக்கிறார்கள். அங்கே ஒளிர்வது மீன்குஞ்சின் சிறுநீரகம்! இந்தச் சோதனைகளால் ஒரு பொருள் ஹார்மோன் பாதையைத் தீண்டுகிறதா என்று மட்டுமே சொல்ல முடியும். வளர்ந்த மீனுக்கோ மனிதனுக்கோ என்ன கேடு என்பதற்கு வேறு ஆய்வுகள் வேண்டும். பச்சை ஒளிப் புரதத்தை ஒசாமு ஷிமோமுரா முதலில் கண்டு எழுதியது 1962ல், 'மௌன வசந்தம்' வந்த அதே ஆண்டில்.

அந்தப் புத்தகத்தை எழுதிக் கொண்டிருந்தபோதே கார்சனுக்கு மார்பகப் புற்றுநோய். 1960 ஏப்ரலில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவர் உண்மையைச் சொல்லவில்லை. ஆண்டு முடிவில், வேறொரு மருத்துவரை நாடிய பிறகே தெரிந்தது. தெரிந்தும் அதை ரகசியமாக வைத்திருந்தார். புற்றுநோய்க்கும் ரசாயனங்களுக்கும் உள்ள தொடர்பை எழுதுபவர் தானே புற்றுநோயாளி என்றால், எதிராளிகள் அதைக்கொண்டே புத்தகத்தைத் தள்ளிவிடுவார்கள் அல்லவா? மணமாகாதவர், உணர்ச்சிவசப்படுபவர் என்ற ஏச்சுகள் எப்படியும் வந்தன. மான்சாண்டோ நிறுவனம் அவரது நடையைக் கிண்டல் செய்து ஒரு கதையே வெளியிட்டது. வீட்டில் அப்போது 1957ல் தாயை இழந்த ஒரு சிறுவன் இருந்தான். அக்கா மகளின் மகன், இவர் தத்தெடுத்த பிள்ளை.

மலேரியாவில் மக்கள் சாக அவரே காரணம் என்ற குற்றச்சாட்டு இன்றும் சுற்றுகிறது. இலங்கையை உதாரணம் காட்டுவார்கள். அங்கே 1963ல் 17 பேருக்கு மட்டுமே மலேரியா கண்டது. நோய் ஒழிந்தது என்றெண்ணி 1964ல் தெளிப்பை நிறுத்தினார்கள். 1969ல் 5 லட்சம் பேருக்கு மேல் காய்ச்சல். ஆனால் மறுபடி தெளித்தபோது டி.டி.டி.யைத் தாங்கும் கொசுக்கள் பெருகியிருந்தன, 1970களில் மாலத்தியானுக்கு மாற வேண்டியதாயிற்று. கொசுக்கள் இப்படிப் பழகிவிடும் என்பதையும் கார்சன் எழுதியிருந்தார். எல்லா மருந்தையும் தடைசெய்யச் சொன்னவரும் அல்ல அவர். இந்தப் பழி நியாயமற்றது என்றே எனக்குப் படுகிறது.

1963 ஜூன் 4ஆம் நாள் செனட் குழுவின் முன் சாட்சியம் சொன்னார். கதிர்வீச்சு சிகிச்சையால் உதிர்ந்த முடியை மறைக்கப் பொய்முடி அணிந்திருந்தார். நோய் எலும்புக்கும் கல்லீரலுக்கும் பரவியது. 1964 ஏப்ரல் 14ல் மேரிலாந்து வீட்டில் இறந்தபோது வயது 56. அமெரிக்கா டி.டி.டி.யைத் தடைசெய்தது 1972ல். அஸ்தியில் ஒரு பாதி தாயின் கல்லறைக்கருகே புதைக்கப்பட்டது. மறு பாதியை அவரது தோழி டோரதி ஃப்ரீமன் மெய்ன் மாநிலத்து நியூவேகன் கரையில், பாறைகளின் மேலிருந்து கடலில் தூவினார்.