மச்சுப் பலகையில் வானத்தை மாட்டியவர்

கோளரங்கம் என்றதும் குவிந்த கூரையும், சூழ்ந்த இருளும், அந்த இருளிலே புள்ளி புள்ளியாய்ப் பூக்கும் விண்மீன்களும் நம் தோழர்களின் நினைவுக்கு வரும். ஒளி பாய்ச்சி வானத்தைக் காட்டும் அந்தக் கருவியை ஜெர்மனியிலே சைஸ் நிறுவனத்தார் 1923-ல் செய்து காட்டினர். அதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, மின்விளக்கையே உலகம் காணாத நாளிலே, தம் வீட்டுக் கூடத்திலே கோள்களை ஓடவிட்டார் ஒருவர். அவரைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். அவர் பேராசிரியர் அல்லர், பிரபு அல்லர். ஆட்டு மயிரைச் சீவிச் சிக்கெடுத்து நூற்புக்குப் பக்குவப்படுத்தும் தொழிலாளி. நாடு ஹாலந்து. பெயர் ஐசே ஐசிங்கா.

1744 பிப்ரவரி 21-ல் ஃபிரீஸ்லாந்து மாகாணத்தில் திரோன்ரைப் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தைக்கும் அதே தொழில். லத்தீன் பள்ளியிலே படித்தவனுக்குத்தான் பல்கலைக்கழகத்தின் கதவு திறக்கும் என்றிருந்த காலம் அது. அந்தப் பள்ளிக்குச் செல்லும் பேறு ஐசிங்காவுக்குக் கிட்டவில்லை. கையிலே கிடைத்தது கம்பளிச் சீப்பு! ஆனால் தந்தைக்குக் கணக்கிலும் வானநூலிலும் தணியாத பற்று. அது மகனையும் தொற்றிக்கொண்டது. வாரந்தோறும் ஃபிரானேக்கர் நகருக்கு நடந்து போய், அங்கே கம்பளிக்குச் சாயம் தோய்க்கும் ஒருவரிடம் கணக்குப் பாடம் கேட்டார். ஆம், சாயக்காரர் ஆசான், மயிர் சீவுகிறவர் மாணவர். அதே நகரிலே 1585-ல் தோன்றிய பல்கலைக்கழகம் ஒன்று கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. இவர்களுக்கு அங்கே இடமில்லை. பதினேழாம் வயதிலே, அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கணக்கு நூலொன்றைத் தம் கைப்பட எழுதி முடித்தார் அந்த இளைஞர்.

1768-ல் பீட்யே யாக்கப்ஸ் என்ற மங்கையை மணந்து ஃபிரானேக்கரிலே குடியேறினார். தொழில் நடந்தது, குடும்பம் நடந்தது. வந்தது 1774.

அந்த ஆண்டு மே 8-ல் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன் ஆகிய நான்கும் நிலாவும் வானத்தின் ஒரே பகுதியிலே கூடித் தோன்றும் என்பது கணக்கு. ஏல்கோ ஆல்டா என்ற பாதிரியார், பெயர் போடாமல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். அந்தக் கூட்டத்தின் இழுப்பிலே பூமி தன் பாதை விட்டு விலகிக் கதிரவனை நோக்கி ஓடிக் கருகிவிடக் கூடும் என்பது அதன் சாரம். கேட்க வேண்டுமா? ஃபிரீஸ்லாந்து கிடுகிடுத்தது. நாம் சிரிப்பதற்கில்லை! எட்டுக் கிரகங்கள் கூடுகின்றன என்று 1962 பிப்ரவரியிலே யாகம் வளர்த்த நாடல்லவா நம் நாடு?

மே 8 வந்தது, போனது. பூமி இருந்த பாதையிலேயே இருந்தது. ஆயினும் ஐசிங்கா கூடத்து மச்சை அண்ணாந்து பார்த்தார். அச்சம் போய்விட்டது என்று அவர் எண்ணவில்லை போலும். காரணம் அறியாத மக்களிடம் போன அச்சம் வேறு தேதி போட்டுக்கொண்டு திரும்பி வருமே! ஆகவே கோள்கள் எப்படிச் சுற்றுகின்றன என்பதை எவரும் கண்ணாரக் காணும்படி செய்யத் துணிந்தார். ஏழாண்டு கெடு வைத்துக்கொண்டார். பகலெல்லாம் கம்பளி, எஞ்சிய நேரமெல்லாம் வானம்.

நடுவிலே கதிரவன். மச்சுப் பலகையிலே வட்ட வட்டமாய்ப் பிளவுகள். அவற்றின் வழியே தொங்கும் சிறு பந்துகளே புதன் முதல் சனி வரையிலான ஆறு கோள்கள். பத்து லட்சம் கிலோமீட்டர் அங்கே ஒரு மில்லிமீட்டர்! மேலே பரண் முழுதும் மரச் சக்கரங்கள். பல் வெட்டிய இரும்புச் சக்கரத்துக்குப் பொருள் ஏது? மரத்திலே ஆணிகளை வரிசையாய் அறைந்தார், ஆயிரக்கணக்கில். அந்த ஆணிகளே பற்கள். அத்தனையையும் ஓட்டுவது ஒரே ஒரு கடிகார ஊசல். உண்மையான காலக் கணக்குப்படியே எல்லாம் ஓடும்; புதன் சுற்றிவர 88 நாள், பூமிக்கு ஓராண்டு, சனிக்கோ இருபத்தொன்பதரை ஆண்டு!

அந்த ஊசல் பற்றி ஒரு கதை உண்டு. அது ஆட வேண்டிய இடம், சுவரோடு சேர்ந்த படுக்கை அறைப் பக்கம். தலைக்கு மேல் ஊசலாட உறங்கமாட்டேன் என்றாராம் பீட்யே அம்மையார். ஐசிங்கா ஊசலைக் குட்டையாக்கினார். குட்டை ஊசல் விரைந்து ஆடும். ஆகவே சக்கரக் கணக்கையெல்லாம் திருத்த வேண்டியதாயிற்று. கோள்களை ஆட்டிவைத்தவரையும் ஆட்டிவைக்க வீட்டிலே ஒருவர் இருந்தார்!

1780-ல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வான் ஸ்விண்டன் வந்து கண்டு வியந்து, நூலெழுதி ஊரறியச் செய்தார். 1781-ல் வேலை முற்றுப்பெற்றது. அதே ஆண்டு ஹெர்ஷல் யுரேனசைக் கண்டுபிடித்தார். புது விருந்தாளிக்கு மச்சிலே இடமில்லை.

வானத்தோடு நின்றிருந்தால் நிம்மதியாக வாழ்ந்திருப்பார். அவரோ ஆட்சியிலே மக்களுக்குப் பங்கு வேண்டும் என்ற தேசபக்தர் கட்சியிலே சேர்ந்தவர். 1787-ல் ஆளுநர் ஐந்தாம் வில்லியமுக்குத் துணையாகப் பிரஷ்யப் படை வந்தது. ஐசிங்கா வீட்டையும் வானத்தையும் விட்டு ஓடினார். மறு ஆண்டு மனைவி மாண்டார். கணவர் ஊரில் இல்லை. 1791-ல் பிடிபட்டார். ஃபிரீஸ்லாந்துக்குள் ஐந்தாண்டு கால் வைக்கக் கூடாதென்று தீர்ப்பு. 1795-ல் ஆட்சி கவிழ்ந்த பிறகே வீடு திரும்ப முடிந்தது.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அவரை விரட்டிய வில்லியமின் மகன், மன்னர் முதலாம் வில்லியம், 1818-ல் அந்தக் கம்பளிக்காரர் வீட்டுக்கே வந்து மச்சை அண்ணாந்து பார்த்தார். 1825-ல் அரசே அதை விலைக்கு வாங்கியது. ஐசிங்கா அங்கேயே வாழ்ந்து 1828 ஆகஸ்ட் 27-ல், 84-ஆம் வயதில் மறைந்தார். முந்திச் செத்தது பல்கலைக்கழகம்தான். 1811-ல் நெப்போலியன் அதை மூடிவிட்டான். கோளரங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2023-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

எந்திரத்தைப் பேணும் முறையைத் தம் பிள்ளைகளுக்காக விரிவாக எழுதி வைத்துப் போனார் அவர். லீப் ஆண்டின் பிப்ரவரி 29 அந்தச் சக்கரங்களுக்குத் தெரியாது, கையால்தான் சரிசெய்கிறார்கள். ஆண்டு காட்டும் பலகையிலே 22 ஆண்டுகள் மட்டுமே எழுத இடம். அவை தீர்ந்ததும் பலகையைக் கழற்றி, வரப்போகும் ஆண்டுகளைத் தீட்டி, மீண்டும் மாட்டுகிறார்கள்.