இலாபத்தை வாடிக்கையாளரிடமே ஒப்படைத்த வணிகர்

சுவிட்ஸர்லாந்தில் வாழும் எம்மவர்களுக்கு 'மிக்ரோ' என்ற பெயர் நன்கு பழக்கமானது. அரிசி முதல் பால் வரை அன்றாடத் தேவைகளுக்காக அவர்கள் நாடிச் செல்லும் கடைகளின் பெயர் அது. அவற்றைத் தோற்றுவித்த கொட்லிப் டுட்வைலரின் வரலாறு, வணிகத்தின் நோக்கம் யாது என்ற கேள்வியை எழுப்புவதாகும்.

1888 ஆகஸ்ட் 15ஆம் திகதி சூரிச் நகரில் பிறந்த டுட்வைலரின் தந்தை, உணவுப் பொருள் கூட்டுறவுச் சங்கமொன்றின் நிர்வாகியாவார். இளமையிலேயே இறக்குமதி வர்த்தகத்தில் ஈடுபட்டுப் பெரும் பொருளீட்டிய டுட்வைலரை, முதலாம் உலக யுத்தத்தின் பின் ஏற்பட்ட விலை வீழ்ச்சி நிலைகுலைய வைத்தது. 1923இல் அவரது நிறுவனம் கலைக்கப்பட்டது. பிரேசிலுக்குச் சென்று விவசாயத்தில் ஈடுபட்ட அவர், மனைவி அடேலின் உடல்நிலை காரணமாக அடுத்த ஆண்டே நாடு திரும்பினார். கோப்பியை விளைவிப்பவர் பெறும் விலைக்கும் சூரிச் நகரக் குடும்பத் தலைவி கொடுக்கும் விலைக்கும் இடையிலிருந்த பெரும் இடைவெளி அவரது சிந்தனையைத் தூண்டியது.

1925 ஆகஸ்டில் ஐந்து லொறிகள் சூரிச் வீதிகளில் இறங்கின. கோப்பி, அரிசி, சீனி, மக்ரோனி, தேங்காய்க் கொழுப்பு, சவர்க்காரம் ஆகிய ஆறு பொருட்களே அவற்றில் இருந்தன. கடை வாடகையும் இடைத்தரகரும் இல்லாமையால் ஏனைய கடைகளைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு விற்க முடிந்தது. பிரபல உற்பத்தியாளர்கள் பொருள் வழங்க மறுத்தபோது, அவர் தாமே உற்பத்தியில் இறங்கினார்.

சிறுகடைக்காரர்கள் கொதித்தெழுந்தனர். பொருளாதார மந்தத்தால் நலிவுற்றிருந்த அவர்களது அச்சத்தில் நியாயம் இல்லாமலில்லை. 1933இல் அரசாங்கம் புதிய கிளைகள் திறப்பதற்குத் தடை விதித்தது. 1945 வரை அது நீடித்தது. இந்நிலையில் 1935இல் அவர் பாராளுமன்றம் புகுந்தார். நெருக்கடிக் காலத்துக்கான உணவுக் கையிருப்புப் பற்றிய தமது பிரேரணை தாமதப்படுத்தப்பட்டமையால் சினமுற்று, 1948இல் பாராளுமன்றக் கட்டடத்தின் ஜன்னல் கண்ணாடியைக் கல்லெறிந்து உடைத்த சம்பவம் நாடெங்கும் பேசப்பட்டது. ஓர் உறுப்பினருக்கு அது அழகன்று. எனினும் அவரது இயல்பை அது காட்டிற்று.

அவரது வாழ்வின் மகுடமாக அமைந்தது 1941இல் எடுத்த முடிவாகும். செழித்தோங்கிய நிறுவனத்தைக் கூட்டுறவு அமைப்பாக மாற்றி, பதிவு செய்துகொண்ட வாடிக்கையாளர்களுக்குப் பங்குகளை அவர் இலவசமாக வழங்கினார். பொருள் வாங்குவோரே உரிமையாளராயினர். 1944இல் சாதாரண மக்களும் குறைந்த செலவில் மொழி கற்கும் வகுப்புகளை ஆரம்பித்தார். 1957இல், விற்பனை வருமானத்தின் ஒரு பகுதியைக் கலை, கல்விப் பணிகளுக்குச் செலவிடும் கடமை நிறுவனத்தின் யாப்பிலேயே சேர்க்கப்பட்டது.

மதுபானமும் புகையிலையும் மிக்ரோ கடைகளில் விற்கப்படலாகாது என்பதிலும் அவர் உறுதியாக நின்றார். அவர் 1962 ஜூன் 8ஆம் திகதி காலமாகி 60 ஆண்டுகள் கடந்த நிலையில், 2022இல், மதுபானத் தடையை நீக்குவது குறித்து உறுப்பினர்களிடையே வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. பத்துப் பிராந்தியக் கூட்டுறவு அமைப்புகளும் நீக்குவதை நிராகரித்தன. இலாபம் பெருகும் வழி திறந்திருந்தும் உரிமையாளர்களான வாடிக்கையாளர்கள் அதை வேண்டாமென்றனர்.

விளைவிப்பவனுக்கும் உண்பவனுக்கும் இடையிலான இடைவெளியில் சேரும் பணம் யாருக்குச் சொந்தம்? டுட்வைலர் தம் சொத்தைக் கொண்டே அதற்கு விடையளித்தார். விலைவாசி ஏறும் காலமெல்லாம் அக்கேள்வி மீண்டும் எழவே செய்யும்.