ஜகதீச சந்திர போஸும் சிற்றலைகளும்

புதிய விண்மீன்கள் தோன்றும் குளிர்ந்த தூசுப் படலங்களைக் கண்ணொளி ஊடுருவாது. அவற்றினின்று வரும் மில்லிமீட்டர் அலைகளையும் அவற்றினும் நுண்ணிய அலைகளையும் கொண்டே வானநூலார் அவ்விடங்களை ஆராய்கின்றனர். அத்தகைய சிற்றலைகளை ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டிய முன்னோடிகளுள் நம் நாட்டினர் ஒருவர் இருந்தனர் என்பது நமக்குப் பெருமையன்றோ? அவரே ஜகதீச சந்திர போஸ்.

1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்கத்தில் தோன்றிய இவர், தந்தையார் விருப்பப்படி தாய்மொழிப் பள்ளியில் உழவர், செம்படவர் மக்களோடு ஒருங்கிருந்து கற்றார். பின்னர்க் கல்கத்தாவில் லபோன் பாதிரியாரிடத்தும், கேம்பிரிட்ஜில் ராலே பிரபுவினிடத்தும் பௌதிகம் பயின்றார். 1885-இல் கல்கத்தா பிரஸிடென்ஸி கல்லூரியில் ஆசிரியரானார். இந்தியருக்குக் குறைந்த சம்பளமே என்ற விதியை ஏலாது, மூன்றாண்டு ஒரு காசும் பெறாமற் பணியாற்றினார். முடிவில் நிலுவை முழுதும் அவருக்கு அளிக்கப்பெற்றது.

1894-இல் கல்லூரியின் சிற்றறை யொன்றில் ஆராய்ச்சி தொடங்கினார். மேசைமேல் அமையும் சிறு கருவிகளால் மின்காந்த அலைகள் ஒளியை ஒத்தன என நிறுவ வேண்டி, அலையின் நீளத்தை 5 மில்லிமீட்டர் வரை குறைத்தார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளால் மணியை ஒலிப்பித்து வெடிமருந்தையும் கொளுத்தினார். கலீனாப் படிகத்தாலான அவர்தம் அலையுணர் கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. நண்பர் வற்புறுத்தலாற் பெற்ற அதனைப் பொருளீட்டப் பயன்படுத்தாது காலாவதியாக விட்டார்.

1897-இல் இலண்டனில் சொற்பொழிவாற்றிய போது, கதிரவனும் இத்தகைய அலைகளை வெளிவிடக்கூடும் என்றும், அவை நம்மை எட்டாமைக்குக் கதிரவனின் வளியோ புவியின் வளியோ காரணமாகலாம் என்றும் கருதினார். கதிரவனின் ரேடியோ அலைகள் 1942-இல்தான் கண்டறியப்பட்டன. காற்றிலுள்ள நீராவி சிற்றலைகளை விழுங்குதலும் பின்னர்த் தெளிவாயிற்று. காவிரி பாயும் நம் தஞ்சை நாட்டின் ஈரக்காற்று இத்தகைய தொலைநோக்கிக்குப் பகையாகும். ஆதலின் 2013-இல் திறக்கப்பெற்ற ஆல்மா நிலையம், சிலி நாட்டின் வறண்ட அட்டகாமாப் பாலையில், 5,000 மீட்டர் உயரத்தில் 66 அலைவாங்கிகளுடன் அமைந்தது. அதற்கு முன்னரே, அமெரிக்காவின் கிட் சிகரத்திலிருந்த 12 மீட்டர்த் தொலைநோக்கியின் கருவியொன்றில் போஸின் 1897-ஆம் ஆண்டுக் கருத்துக்கள் கையாளப்பட்டன.

பிற்காலத்தே தாவர ஆராய்ச்சியிற் புகழ்பெற்று, 1917-இல் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய இப்பெரியார், 1937 நவம்பர் 23-ஆம் நாள் மறைந்தார். செய்தியை நெடுந்தொலைவு விடுக்க விரும்பிய உலகம் நீண்ட அலைகளையே நாடியமையால், அவர் காட்டிய சிற்றலைகள் நெடுங்காலம் போற்றுவாரின்றிக் கிடந்தன. எனினும் அவ்வுழைப்பு வீண்போகவில்லை. கருவிக் குறைவையும் அறையின் சிறுமையையும் காரணங்காட்டும் மாணவராகிய நாம் அச்சிற்றறையை நினைவிற் கொள்வோமாக.